சாக்லேட் வாசனையை வீட்டு க்ரீமிலும் பாமிலும் சேர்ப்பது எப்படி, எவ்வளவு, எப்போது

கோகோ அப்சல்யூட் என்ற அடர்சாறின் பாட்டிலை முதல்முறை திறந்து முகர்ந்து பார்க்கிறவர்களில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். சாக்லேட்டை எதிர்பார்த்துப் போன மூக்குக்குக் கிடைப்பது கருக வறுத்த கொட்டையின் வாடை, லேசான புளிப்பு, அடியில் பழைய தோல்பை மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். இனிப்பு எங்கே என்று தேடுவார்கள், கிடைக்காது, இன்னும் நாலு சொட்டு விட்டால் வந்துவிடும் என்று நினைத்து விடுவார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த இனிப்பு கோகோவில் இல்லவே இல்லை. நாம் சாக்லேட் வாசனை என்று சொல்வதில் வெனிலாவுக்கும் கொழுப்புக்கும் பெரிய பங்கு உண்டு. கோகோ கொட்டையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுக்கும்போது பைரசீன் என்ற வகைச் சேர்மங்கள் உருவாகின்றன, அந்த வறுத்த மணம் அவற்றிலிருந்து வருகிறது. அடர்த்தியாக இருக்கும்போது அவை மூக்கைக் குத்தும், நன்றாக நீர்த்துப் போன பிறகுதான் சாக்லேட்டாக விரியும். அதனால் அதிகம் விட்டால் அதிகச் சாக்லேட் என்ற கணக்கு இங்கே செல்லாது. குறைத்து விட்டால்தான் மணமும் நன்றாக இருக்கும், தோலும் தப்பிக்கும். நான் சொல்ல வருவது முழுக்க இதைச் சுற்றித்தான்.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன பாட்டில்?

சாக்லேட் ஆயில் என்று லேபிளில் எழுதியிருந்தால் அது நாலைந்து விதமான பொருள்களில் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அளவு வேறு, நடத்தை வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எந்தச் செய்முறையையும் தொடங்காதீர்கள்.

கோகோ அப்சல்யூட் என்பது வறுத்த கோகோவை ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, பிறகு எத்தனாலால் கழுவிப் பிரித்தெடுத்த சாறு. கரும்பழுப்பு நிறம், பாகு மாதிரி கெட்டியாக இருக்கும், சில சமயம் பசை போலவே இருக்கும். ஊற்றுவதற்கு வசதியாக ஏற்கெனவே எத்தனாலில் கலந்தும் விற்பார்கள். அப்படியானால் பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கணக்கு முழுவதும் அதை வைத்துத்தான் மாறும். கார்பன் டை ஆக்சைடு முறையில் எடுத்த சாறு இன்னொன்று. அதில் கரைப்பான் எச்சம் பற்றிய கவலை இல்லை, எண்ணெயிலும் பொதுவாகச் சுலபமாகச் சேரும்.

அடுத்தது ஃபிராக்ரன்ஸ் ஆயில். ஆய்வகத்தில் பல மணப்பொருள்களைச் சேர்த்துச் செய்வது இது. செயற்கை என்றவுடன் ஒதுக்க வேண்டியதில்லை. ஒழுங்கான தயாரிப்பாளரிடமிருந்து வந்தால், எந்தப் பொருளில் எத்தனை சதவீதம் வரை போடலாம் என்ற சான்றிதழ் அதற்கு இருக்கும். இயற்கைச் சாறு விற்கிற பலர் அந்த அளவுக்குக்கூடத் தகவல் தருவதில்லை. தோலுக்கு என்று செய்ததும், மெழுகுவத்திக்கு என்று மட்டும் செய்ததும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி பாட்டிலில் இருக்கும், அதை மட்டும் கவனியுங்கள்.

அப்புறம் சமையல் எசன்ஸ். கேக்கில் போடுவதுதானே, சாப்பிடவே செய்கிறோம், தோலில் பட்டால் என்ன என்று கேட்பவர்கள் நிறைய. வயிறும் தோலும் ஒன்றில்லை. உணவுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்த ஒரு பொருள், மணிக்கணக்கில் தோலில் ஒட்டிக்கொண்டு இருக்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று அந்தச் சோதனை சொல்லாது. இலவங்கப்பட்டையை நினைத்துப் பாருங்கள், நாக்குக்கு ஒன்றுமில்லை, அதன் எண்ணெயைத் தோலில் வைத்தால் எரிகிறது. மேலும் எசன்ஸ் பெரும்பாலும் தண்ணீர், ஆல்கஹால், புரோப்பிலீன் கிளைக்கால் இவற்றில் கலந்தது. பாமில், அதாவது மெழுகும் எண்ணெயும் சேர்த்துச் செய்கிற கட்டிப் பூச்சில், விட்டால் சேராமல் சின்னச் சின்ன முத்தாகப் பிரிந்து நிற்கும்.

சாக்லேட் எசென்ஷியல் ஆயில் என்று எழுதியிருந்தால் நான் உடனே சந்தேகப்படுவேன். கோகோ மணம் அப்சல்யூட்டாகவோ கார்பன் டை ஆக்சைடு சாறாகவோதான் பெரும்பாலும் வரும். பின்பக்கத்தில் தியோபுரோமா ககாவ் என்ற தாவரப் பெயர் இருக்கிறதா, இல்லை பர்ஃபும் அல்லது ஃபிராக்ரன்ஸ் என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விஷயம்.

மணத்தைச் சாறிலிருந்து எடுக்காதீர்கள், பட்டரிலிருந்து எடுங்கள்

இதை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நிறைய மிச்சமாகியிருக்கும். கோகோ கொட்டையின் கொழுப்பான கோகோ பட்டர், சுத்திகரிக்காமல், மணம் நீக்காமல் இருந்தால், தானாகவே சாக்லேட் வாசனை அடிக்கும். வெளிர் மஞ்சளாக, கட்டியாக இருக்கும், உள்ளங்கையில் வைத்தால் உருகும், ஏனென்றால் அதன் உருகுநிலை சுமார் 34-ல் இருந்து 38 டிகிரி செல்சியஸ். ஒரு பாமில் 30 சதவீதம் இந்தப் பட்டர் இருந்தாலே வாசனைக்கு அடித்தளம் போட்டாகிவிட்டது, அதற்கு மேல் சாறு என்பது பொட்டு வைக்கிற மாதிரிதான். மணம் நீக்கிய பட்டரை வாங்கிவிட்டு, அதற்கு வாசனை ஏற்ற 2 சதவீதம், 3 சதவீதம் என்று சாறைக் கொட்டுவது தலைகீழான வேலை.

இன்னொரு வழியும் உண்டு. நன்றாக வறுத்து உடைத்த கோகோ கொட்டைத் துண்டுகள், அதாவது நிப்ஸ், 50 கிராம் எடுத்து, 100 கிராம் எண்ணெயில் போட்டு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து இரண்டு மூன்று மணி நேரம் மிதமான சூட்டில் வைத்திருங்கள். கொதிக்கக் கூடாது, எண்ணெயில் விரலை வைக்க முடியாத சூடு போதும். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டி, ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் படிந்த தூளை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். நிப்ஸிலும் பாத்திரத்திலும் ஒரு துளி ஈரம் இருக்கக் கூடாது. வாசனை மெல்லியதாகத்தான் இருக்கும், அடர்த்தியான சாறு இல்லை என்பதால் தோலுக்கும் மென்மை. கோகோ தூளை நேரடியாக எண்ணெயில் கலக்கலாமா என்று கேட்பார்கள். கலக்கலாம், ஆனால் நறநறக்கும், துணியில் கறை பிடிக்கும், தண்ணீர் பட்டால் பூசணம் வரும். முகத்தில் போட்டு உடனே கழுவுகிற பூச்சுக்கு மட்டும், அப்போதைக்கு அப்போது கலந்து பயன்படுத்துங்கள்.

முகப்பரு வரும் தோல் என்றால் கோகோ பட்டரை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கை, கால், முழங்கை, உதடு, இவற்றுக்கு அருமையான பொருள் அது.

எவ்வளவு?

ஃபிராக்ரன்ஸ் ஆயில் என்றால் இஃப்ரா சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். இஃப்ரா என்பது 1973-ல் தொடங்கிய சர்வதேச நறுமணச் சங்கம். எந்த மணப்பொருளை எந்த வகைத் தயாரிப்பில் எவ்வளவு வரை போடலாம் என்று அது வரம்பு வகுக்கிறது. சான்றிதழில் 12 பிரிவுகள் இருக்கும். உதட்டுக்கானவை பிரிவு 1, உடம்பில் பூசிவிட்டு அப்படியே விடுகிற லோஷன் 5ஏ, முகத்துக்கு 5பி, கைக்கு 5சி, குழந்தைகளுக்கு 5டி, கழுவிவிடுகிற சோப்பும் பாடி வாஷும் பிரிவு 9. பலர் செய்கிற தவறு, பட்டியலில் இருக்கிற பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு அதையே எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்வது. அந்தப் பெரிய எண் பெரும்பாலும் பிரிவு 12-க்கானது, அதாவது மெழுகுவத்திக்கு. உங்கள் பொருள் எந்தப் பிரிவோ அந்த வரியை மட்டும் பாருங்கள், அங்கே பூஜ்யம் என்று இருந்தால் அதில் போடவே கூடாது.

அந்த எண் உச்சவரம்பு, அதைத் தொட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் வைத்திருக்கிற கணக்கு இதுதான்: உதட்டுக்கும் முகத்துக்கும் 0.25-ல் இருந்து 0.5 சதவீதம், உடம்புக்கு 0.5-ல் இருந்து 1 சதவீதம், கழுவிவிடுகிற பொருளுக்கு 1 சதவீதம் சுற்றி. சான்றிதழ் இதைவிடக் குறைவாகச் சொன்னால் சான்றிதழ் சொல்வதுதான் கணக்கு. அப்சல்யூட்டுக்கும் இதே எண்கள்தான், அதன் வலிமைக்குக் கீழ்முனையிலேயே நின்றுவிடலாம்.

இப்போது தராசுக்கு வருவோம். சொட்டுக் கணக்கை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்பது தண்ணீர் மாதிரி ஓடுகிற திரவத்துக்குச் சொல்வது. கெட்டியான சாறின் சொட்டு அளவு வேறு, பாட்டிலின் மூக்கைப் பொறுத்தும் மாறும், குளிர்ந்த நாளில் ஒரு அளவு, வெயில் நாளில் இன்னொரு அளவு. 30 கிராம் பாமுக்கு 0.5 சதவீதம் என்றால் 0.15 கிராம்தான். அது நாலு சொட்டும் இருக்கலாம், மூன்றும் இருக்கலாம். கை தவறி ஒரு சொட்டு கூடுதலாக விழுந்தால் அளவு கால்பங்காவது ஏறிவிட்டது என்று அர்த்தம். 0.01 கிராம் வரை காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இல்லாமல் அடர்சாறைத் தொடாதீர்கள்.

அந்தத் தராசிலும், 30 கிராமுக்கு 0.3 சதவீதம் என்றால் வருகிற 0.09 கிராமை நிறுப்பது நடுங்குகிற வேலைதான். அதனால் முதலில் ஒரு கலவை செய்து வைத்துக்கொள்ளுங்கள்: 1 கிராம் சாறு, 9 கிராம் எண்ணெய், மொத்தம் 10 கிராம். இதில் 10 சதவீதம் சாறு இருக்கிறது. இனி 0.09 கிராம் சாறு வேண்டுமென்றால் இந்தக் கலவையில் 0.9 கிராம் எடுத்தால் போதும், தவறு நடந்தாலும் பத்தில் ஒரு பங்குதான் நடக்கும். பாட்டிலின் மேல் தேதியும் 10 சதவீதம் என்றும் எழுதி ஒட்டுங்கள், ஒரு மாதம் கழித்து எது அசல், எது கலவை என்று நினைவிருக்காது.

கரைவதில் ஒரு தொல்லை இருக்கிறது. அப்சல்யூட் ஆல்கஹாலில் சந்தோஷமாகக் கரையும், எண்ணெயில் முரண்டு பிடிக்கும். ஹோஹோபா எண்ணெயில் ஒரு பல்குச்சி நுனியால் தொட்டு வைத்துப் பாருங்கள். பழுப்பு நூல் மாதிரி நெளிந்து நெளிந்து கீழே இறங்கி, கண்ணாடியின் அடியில் புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும். கலக்கினால் மறைந்த மாதிரி இருக்கும், மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே புள்ளி. அந்தப் புள்ளிதான் ஆபத்து, ஏனென்றால் பாமின் ஒரு மூலையில் நீர்த்துப் போகாத சாறு அப்படியே இருக்கும், அந்த மூலையைத் தேய்க்கிறவரின் தோலில் நீங்கள் கணக்குப் போட்ட 0.3 சதவீதம் எல்லாம் இல்லை. ஆமணக்கெண்ணெய் இதை மற்ற எண்ணெய்களைவிட நன்றாகப் பிடித்துக்கொள்ளும், அதற்கு ஆல்கஹாலோடும் ஒட்டுகிற குணம் உண்டு. அதனால் மேலே சொன்ன கலவையை ஆமணக்கெண்ணெயில் செய்யுங்கள், பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, பத்து நிமிடம் பொறுமையாகக் கலக்குங்கள், ஒரு நாள் விட்டு அடியில் ஏதாவது படிந்திருந்தால் மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். அப்போது உண்மையான அளவு 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், பாதுகாப்பான பக்கம்தான்.

ஒரு உதட்டு பாம், ஆரம்பத்திலிருந்து

30 கிராமுக்கு: தேன்மெழுகு 7.5 கிராம், சுத்திகரிக்காத கோகோ பட்டர் 9 கிராம், ஆமணக்கெண்ணெய் 5.1 கிராம், சூரியகாந்தி எண்ணெய் அல்லது ஹோஹோபா 7.35 கிராம், வைட்டமின் ஈ 0.15 கிராம், ஆமணக்கெண்ணெயில் செய்த 10 சதவீதக் கோகோ கலவை 0.9 கிராம். கடைசியில் பாமில் இருக்கும் சாறு 0.3 சதவீதம். ஃபிராக்ரன்ஸ் ஆயில் பயன்படுத்துவதாக இருந்தால் சான்றிதழில் பிரிவு 1 என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகே, உதட்டில் பூசுவது கொஞ்சம் வாய்க்குள்ளும் போகும் என்பதை மறக்காமல்.

வெப்பம் தாங்குகிற கண்ணாடிக் குடுவையில் தேன்மெழுகையும் இரண்டு எண்ணெய்களையும் போட்டு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். நேரடித் தீ வேண்டாம். தேன்மெழுகு 62-ல் இருந்து 65 டிகிரியில் உருகும், அது முழுக்க உருகிய பிறகு கோகோ பட்டரைப் போடுங்கள், அதற்குக் கொஞ்ச சூடே போதும், நெடுநேரம் காய்ந்தால் அதன் வாசனைதான் ஆவியாகிப் போகும். எல்லாம் தெளிந்ததும் குடுவையை வெளியே எடுத்து, வெளிப்பக்கத்து ஈரத்தைத் துடைத்துவிட்டு, சும்மா பாருங்கள். குடுவையின் ஓரத்தில், எண்ணெய் கண்ணாடியைத் தொடுகிற வளையத்தில், மெல்லிய பனிமூட்டம் மாதிரி வெண்மை படரத் தொடங்கும். அதுதான் நேரம். வைட்டமின் ஈயும் கோகோ கலவையும் அப்போது போட்டு, அரை நிமிடம் நன்றாகக் கலக்கி, உடனே ஊற்றிவிட வேண்டும். அதற்கு முன்னால் போட்டால் மணம் பறந்துவிடும், அதற்குப் பிறகு போட்டால் கட்டிக்குள் சாறு திட்டுத்திட்டாக நிற்கும். 5 கிராம் குழாய் என்றால் ஆறு வரும்.

எத்தனாலில் கலந்த அப்சல்யூட்டாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், அதன் ஆவி அறைச் சூட்டிலேயே தீப்பிடிக்கக்கூடியது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது அதைக் குடுவைக்குள் விடாதீர்கள். அடுப்பை அணைத்து, குடுவையை வேறு மேசைக்குக் கொண்டுபோய், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் உதட்டைத் தொடும் பாமுக்கு ஆல்கஹால் கலவையை நான் பயன்படுத்துவதில்லை, வறட்சிக்காகப் போடுகிற பொருளில் அது எதற்கு.

குழாய்களைப் பத்துப் பதினைந்து நிமிடம் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது. கோகோ பட்டர் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது, மெதுவாக ஆறினால் பாம் மணல் மணலாக ஆகும். கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள், மறுபடி உருக்கி வேகமாகக் குளிர்வித்தால் சரியாகிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் மூடிவிடாமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு மூடுங்கள். இல்லையென்றால் உள்ளே வியர்க்கும்.

ஊற்றிய அன்றைக்கே முகர்ந்து பார்த்து வாசனை போதவில்லை என்று முடிவு செய்வது இன்னொரு தவறு. அந்த மூக்கு ஒரு மணி நேரமாகக் கோகோவில் ஊறியிருக்கிறது, அதற்கு எதுவும் தெரியாது. இரண்டு நாள் விட்டு, காலையில் எழுந்ததும் திறந்து பாருங்கள். அப்போதும் போதவில்லை என்றால் அடுத்த முறை பட்டரைக் கூட்டுங்கள், அல்லது வெனிலாவை மெல்லச் சேர்த்துப் பாருங்கள். சாறைக் கூட்டுவது கடைசி வழி.

எதனுடன் சேர்க்கலாம், எதனுடன் கூடாது

வெனிலா சேர்த்தால் இனிப்பு வரும், காப்பிச் சாறு சேர்த்தால் ஆழம் வரும், பச்சோலி ஒரு துளி அளவில் மண்வாசனை தரும். இனிப்பு ஆரஞ்சு எண்ணெய் நன்றாகவே பொருந்தும். அதே குடும்பம்தானே என்று பெர்கமாட்டைப் போடாதீர்கள், அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கன்றிக் கறுக்கும், பூசி விடுகிற பொருளில் அதற்கு 0.4 சதவீதம்தான் வரம்பு. இலவங்கப்பட்டை எண்ணெய் சாக்லேட்டோடு மணக்க அபாரமாக இருக்கும், ஆனால் தோலுக்கு மிக மோசமான ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று, நான் வீட்டில் செய்கிற எதிலும் அதைச் சேர்ப்பதில்லை. ஒன்றை நினைவில் வையுங்கள்: 0.5 சதவீதம் என்பது எல்லா மணங்களும் சேர்ந்த மொத்தம். கோகோ 0.5, வெனிலா 0.5, ஆரஞ்சு 0.5 என்று போட்டால் அது 1.5.

வெனிலாவின் மணப்பொருளான வெனிலின் உள்ள எதுவும் நாளாக ஆக வெள்ளை க்ரீமைப் பழுப்பாக்கும், சோப்பை இன்னும் வேகமாக. அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, காற்றோடும் காரத்தோடும் நடக்கிற மாற்றம். சாக்லேட் வாசனைக்குப் பழுப்பு நிறம் பொருத்தமாகவே இருக்கும், வெளிர் நிறத் துணியில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒவ்வாமை பற்றி

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இயற்கைச் சாக்லேட் எண்ணெய் என்று எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்று எதுவும் சொல்லாத ஒரு பாட்டிலை வாங்கி, கைக்கான பாமில் தாராளமாகப் போட்டுவிட்டேன். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே இல்லை, வாசனை பிரமாதம், தினமும் நாலைந்து முறை பூசினேன். மூன்றாவது வாரம் விரல் இடுக்குகளில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், இரவில் தூங்க விடாத அரிப்பு. இவ்வளவு நாள் ஒத்துக்கொண்ட பாம்தானே, காரணம் அதுவாக இருக்காது என்று நினைத்து, வறட்சி என்று இன்னும் அதிகமாக அதையே பூசினேன். தோல் மருத்துவர் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, கையில் என்ன பூசுகிறீர்கள் என்பதுதான்.

நறுமண ஒவ்வாமை அப்படித்தான் வரும். முதல் நாளே எரிந்தால் அது எரிச்சல், கழுவினால் தணியும். ஒவ்வாமை என்பது வேறு. உடம்பு அந்தப் பொருளைப் பல நாள் பார்த்து, பழகி, ஒரு நாள் எதிரி என்று முடிவு செய்கிறது, அதற்குப் பிறகு பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அந்த முடிவை மாற்றிக்கொள்வதில்லை. பிறகு அந்தப் பொருள் வேறு எந்த க்ரீமில், எந்த ஷாம்பூவில் இருந்தாலும் தெரிந்துவிடும். அளவு கூடக் கூட இந்த முடிவுக்கு வரும் வாய்ப்பும் கூடும், அதனால்தான் 0.3-க்கும் 3-க்கும் இடையில் இவ்வளவு தூரம் பேசுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, லேபிளில் பெயர் சொல்லியே ஆக வேண்டிய மணப்பொருள்களின் பட்டியல் 80-ஐத் தாண்டிவிட்டது, வெனிலினும் அதில் இருக்கிறது. பூசி விடுகிற பொருளில் 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே அங்கே பெயரைப் போட வேண்டும்.

சோதிக்கும் முறை இதுதான். முடித்த பாமை, அதாவது எல்லாம் சேர்ந்த கடைசிப் பொருளை, முழங்கை மடிப்புக்குக் கீழே உள்கையில் ஒரு நாணயம் அளவுக்குப் பூசுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, அதே இடத்தில், ஏழு நாள். ஒரு முறை தேய்த்துப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பது சோதனையே இல்லை, ஒவ்வாமை எதிர்வினை தலைகாட்டவே இரண்டு மூன்று நாள் ஆகும். மருத்துவமனையில் செய்யும் பேட்ச் டெஸ்டிலேயே 48 மணி நேரம் ஒட்டிவைத்து, அதற்குப் பிறகும் மறுபடி பார்ப்பார்கள். அடர்சாறைத் தனியாகத் தோலில் தடவிச் சோதிக்கக் கூடாது, சோதனையே காயமாகிவிடும். இன்னொன்று, ஒவ்வொரு முறை செய்யும்போதும் மணம் சேர்ப்பதற்கு முன் பத்து கிராம் தனியாக எடுத்து வையுங்கள். சிவந்தால் ஒரு கையில் மணம் உள்ளது, இன்னொரு கையில் மணமில்லாதது என்று போட்டுப் பார்த்தால், குற்றவாளி சாறா, மெழுகா, எண்ணெயா என்று தெரிந்துவிடும். ஆனால் தோல் முழுக்க ஆறிய பிறகு மட்டும்.

சிவப்பு, அரிப்பு, கொப்புளம் எது வந்தாலும் நிறுத்துங்கள். பரவினாலோ, உதடும் கண்ணிமையும் வீங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள், பாட்டிலின் லேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். கைக்குழந்தைகளுக்குச் செய்கிற எதிலும் மணம் வேண்டாம். எக்ஸிமா உள்ள தோல், வெடிப்பு, புண், கண்ணைச் சுற்றிய இடம், இவற்றுக்கும் வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்தட்டும்.

தண்ணீர் சேர்ந்தால் கதை மாறும்

இதுவரை சொன்னது தண்ணீரே இல்லாத பாமுக்கு. தண்ணீர், பன்னீர், கற்றாழை, இவற்றில் எது சேர்ந்தாலும் அதற்குப் பதப்பொருள் வேண்டும், அதுவும் பூஞ்சை, பாக்டீரியா இரண்டையும் தடுக்கிற முழுமையானதாக. வைட்டமின் ஈ பதப்பொருள் இல்லை, எண்ணெய் சிக்கு வாடை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கோகோ சாறும் பதப்பொருள் இல்லை. கோகோ தூள் சேர்த்த லோஷன் கிருமிகளுக்குச் சாப்பாடு. க்ரீமில் மணத்தை, கலவை 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு, பதப்பொருளோடு சேர்த்துப் போடுங்கள். சில ஃபிராக்ரன்ஸ் ஆயில்கள் க்ரீமைத் தண்ணீர் வேறு எண்ணெய் வேறாகப் பிரித்துவிடும், அதனால் முதலில் 50 கிராமில் செய்து ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு அளவைக் கூட்டுங்கள். குளியல் தண்ணீரில் சாறை நேரடியாகச் சொட்டாதீர்கள், அது கரையாமல் மிதந்து வந்து தோலில் அப்படியே ஒட்டும்.

வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

மற்ற வாசனைகளுக்கு இல்லாத ஒரு ஆபத்து சாக்லேட்டுக்கு உண்டு. பழுப்பாக இருக்கிறது, சாக்லேட் மணக்கிறது, சின்னக் கட்டியாக இருக்கிறது, மூன்று வயதுக் குழந்தை அதை வேறு என்னவென்று நினைக்கும்? சாக்லேட் செய்யும் அச்சில் பாமை ஊற்றாதீர்கள், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும். ஜாம் பாட்டிலில், இனிப்பு டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். அடர்சாறு பாட்டில்களைக் குழந்தைகள் திறக்க முடியாத மூடியோடு, பூட்டிய அலமாரியில் வையுங்கள். அதைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்கு.

வீட்டில் நாய் இருந்தால் இன்னும் கவனம். கோகோவில் இருக்கும் தியோபுரோமின் நாய்களுக்கு நஞ்சு. பட்டரில் அது மிகக் குறைவுதான், ஆனால் நிப்ஸில், தூளில் நிறைய இருக்கிறது. வடிகட்டிய பிறகு மிஞ்சுகிற எண்ணெயில் ஊறிய நிப்ஸை நாய் கிளறுகிற குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், மூடியுள்ளதில் கட்டிப் போடுங்கள். உடம்பில் பூசியதையும் நக்க விடாதீர்கள்.

யாருக்காவது பரிசாகக் கொடுக்கிறீர்கள் என்றால் லேபிளில் உண்ணக் கூடாது என்று பெரிதாகவும், சேர்த்த பொருள்கள் எல்லாவற்றையும் சின்னதாகவும், செய்த தேதியையும் எழுதுங்கள். சாறு, எண்ணெய், மெழுகு எல்லாவற்றின் அளவும் உங்கள் நோட்டில் இருக்கட்டும், யாருக்காவது சிவந்தது என்று போன் வந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டித்தான் பதில் சொல்ல முடியும். அடர்சாறைக் கரும்பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில், வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். திறக்கும்போது வறுத்த மணம் போய் சிக்கு வாடை வந்திருந்தால் தோலுக்கு வேண்டாம், அது எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி.